ஹாலிவுட் எழுத்தாளர் சங்கத்தில் தலைமையைப் பற்றி ஏன் இத்தனை சண்டை?

அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர் ஒருவர் தன் சங்கத் தலைமையைப் பற்றி மனம் திறந்து பேசும்போது, வெளியே இருந்து கேட்பவருக்குப் பாதி புரியாது. தலைமை தேவையில்லாமல் வேலைநிறுத்தத்தில் தள்ளிவிட்டது என்று ஒருவர் வருத்தப்படுவார். அதே ஒப்பந்தத்தைக் காட்டி, தலைமை சீக்கிரம் இறங்கி வந்துவிட்டது என்று இன்னொருவர் கோபப்படுவார். நடுவே ரெசிடுவல், மினி ரூம், பேக்கேஜிங், ஃபை-கோர் என்று சொற்கள் வந்து விழும்.

இந்தச் சொற்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். கடுமையான தலைமை, மிதமான தலைமை என்று பிரித்துப் பார்ப்பதால் பெரிதாக எதுவும் விளங்குவதில்லை. அடுத்த பத்து ஆண்டுகளில் பணம் எந்த வழியாக வரப்போகிறது என்பதை முன்கூட்டியே கண்டு, அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்களா என்பதை வைத்துத்தான் ஒவ்வொரு தலைமையையும் எடைபோட முடியும். அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு அடிப்படையிலிருந்து வருவோம்.

எழுத்தாளருக்கு எதற்குத் தொழிற்சங்கம்?

நாவல் எழுதுபவருக்குத் தன் படைப்பின் பதிப்புரிமை சொந்தம். அமெரிக்காவில் நாடகம் எழுதுபவருக்கும் அப்படித்தான். அவர் அனுமதி இல்லாமல் ஒரு வசனத்தைக்கூட மாற்றக் கூடாது. ஸ்டூடியோவுக்கு எழுதும் திரைக்கதை எழுத்தாளரின் நிலை வேறு. அவர் எழுதுவது 'கூலிக்குச் செய்த படைப்பு' என்ற சட்டப் பிரிவில் வருகிறது. சட்டத்தின் கண்ணில் அந்தத் திரைக்கதையின் ஆசிரியர் ஸ்டூடியோதான். அதைத் திருத்தலாம், வேறு ஆளை வைத்து மாற்றி எழுதலாம், எழுதியவரைக் கேட்காமலே தொடர்ச்சியும் எடுக்கலாம்.

இது பெரிய இழப்பு. ஆனால் இந்த இழப்பிலிருந்துதான் சங்கமே பிறந்தது. பதிப்புரிமை இல்லாதவர் என்றால் அவர் ஊழியர். ஊழியர் என்றால் 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டப்படி சங்கம் அமைத்து, கூட்டாகப் பேரம் பேசி, வேலைநிறுத்தமும் செய்யலாம். பதிப்புரிமையைக் கையில் வைத்திருக்கும் நாடக ஆசிரியர்களுக்கு இந்த வழி கிடையாது. இந்தக் கொடுக்கல் வாங்கலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசும்போது இது திரும்ப வரும்.

1933 மார்ச்சில், பொருளாதாரப் பெருமந்தத்தின் உச்சத்தில், ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் சம்பளத்தைப் பாதியாக வெட்டின. அடுத்த மாதமே எழுத்தாளர்கள் சங்கமாகத் திரண்டார்கள். முதல் ஒப்பந்தம் கையெழுத்தாக 1942 வரை ஆனது. 1954-இல் அது இன்றைய ரைட்டர்ஸ் கில்ட் ஆஃப் அமெரிக்காவாக மாறியது.

'தலைமை' என்றால் யார்?

செய்தியில் 'சங்கத் தலைமை' என்று ஒரே சொல்லாக வந்தாலும், உள்ளே பல அடுக்குகள் இருக்கின்றன.

1. சங்கமே இரண்டு. லாஸ் ஏஞ்சல்ஸில் மேற்குக் கிளை, நியூயார்க்கில் கிழக்குக் கிளை. சட்டப்படி தனித்தனிச் சங்கங்கள் என்றாலும் ஸ்டூடியோக்களோடு ஒன்றாகவே பேரம் பேசுகின்றன. கிழக்கில் செய்தி நிறுவனங்களின் எழுத்தாளர்களும் உறுப்பினர்கள் என்பதால் அதன் உள்விவகாரங்கள் தனி ரகம்.

2. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மேற்கில் தலைவர், துணைத் தலைவர், செயலர்-பொருளாளர் ஆகிய மூவர், அவர்களோடு 16 பேர் கொண்ட நிர்வாகக் குழு. எல்லோரும் தொழிலில் இருக்கும் எழுத்தாளர்கள்.

3. ஊதியம் பெறும் அலுவலர்கள். இவர்களுக்குத் தலைமை தாங்குபவர் செயல் இயக்குநர். பேச்சுவார்த்தை மேசையில் முதன்மைக் குரல் பெரும்பாலும் இவருடையது. டேவிட் யங் பல ஆண்டுகள் இந்தப் பொறுப்பில் இருந்தார். 2023-இல் அவர் மருத்துவ விடுப்பில் போனதால் எலன் ஸ்டட்ஸ்மன் முதன்மைப் பேச்சாளரானார்.

4. பேச்சுவார்த்தைக் குழு. இதில் பெரும்பாலும் அனுபவசாலி எழுத்தாளர்கள் இருப்பார்கள். 2023-இல் இதன் இணைத் தலைவர்கள் கிறிஸ் கீசர், டேவிட் குட்மன். இருவருமே முன்னாள் சங்கத் தலைவர்கள்.

5. உறுப்பினர்கள். தலைமை நினைத்தவுடன் வேலைநிறுத்தம் செய்ய முடியாது, முதலில் அனுமதி வாக்கெடுப்பு நடக்கும். 2023 ஏப்ரலில் 9,218 பேர் வாக்களித்தார்கள். அதில் 97.85 சதவீதம் பேர் சரி என்றார்கள்.

எதிர்ப்பக்கம் உட்காருவது ஸ்டூடியோக்கள், தொலைக்காட்சி நிறுவனங்கள், ஓடிடி தளங்கள் உட்பட 350-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்காகப் பேசும் தயாரிப்பாளர் கூட்டமைப்பு. இரு தரப்பும் வழக்கமாக மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 'குறைந்தபட்ச அடிப்படை ஒப்பந்தம்' என்ற ஒன்றில் கையெழுத்திடும். சம்பளத்தில் அதற்குக் கீழே போகக் கூடாது, மேலே எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம்.

இந்த அமைப்பிலேயே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. இன்று ஸ்டூடியோவுக்கு எதிரே உட்கார்ந்து பேரம் பேசும் தலைவர், ஒப்பந்தம் முடிந்ததும் அதே ஸ்டூடியோவிடம் கதை சொல்லப் போயாக வேண்டும். இன்னொன்று, ஒரு தொடரின் முழுப் பொறுப்பையும் சுமக்கும் ஷோரன்னர் எழுத்தாளர் மட்டுமில்லை, தயாரிப்பாளரும்கூட. அவர் மற்ற எழுத்தாளர்களை வேலைக்கு எடுப்பார், பட்ஜெட்டையும் பார்ப்பார். சங்கக் கூட்டத்தில் அவரும், போன வாரம் முதல் வேலை கிடைத்த ஸ்டாஃப் ரைட்டரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறார்கள். தலைமையைப் பற்றிய கருத்து வேறுபாடு பல நேரம் இந்த இரண்டு நாற்காலிகளுக்கு இடையேயான தூரம்தான்.

நாலரை சென்ட் கணக்கு

ரெசிடுவல் என்றால், எழுதிய படைப்பு முதல் வெளியீட்டுக்குப் பிறகு மறுபடி பயன்படும்போதெல்லாம் எழுத்தாளருக்குக் கிடைக்கும் தொகை. பதிப்புரிமையை இழந்ததற்கு ஈடு என்றே இதைச் சொல்லலாம். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே எட்டு மாதம் சும்மா இருக்க நேரும் தொழிலில், வீட்டு வாடகையைக் கட்டுவது இந்தக் காசோலைகள்தான். 1960-இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, திரைப்படங்கள் தொலைக்காட்சியில் ஓடும்போது பங்கு, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை வாங்கினார்கள்.

அடுத்து வந்தது வீடியோ கேசட். அங்கேதான் சறுக்கல்.

கேசட் தயாரிப்பது செலவு பிடிக்கும் வேலை என்று நிறுவனங்கள் வாதாடின. எனவே மொத்த வருவாயில் 80 சதவீதத்தை ஒதுக்கிவிட்டு, மீதி 20 சதவீதத்தை மட்டும் கணக்கில் எடுக்கலாம் என்றன. 1985-இல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். உறுப்பினர்களே இரண்டாகப் பிரிந்ததால் இரண்டு வாரத்தில் அது சரிந்தது, அந்தக் கணக்கும் நிலைத்துவிட்டது.

டிவிடி காலத்தில் அதன் பொருள் என்ன என்று போட்டுப் பார்க்கலாம். மொத்த விற்பனை விலை 15 டாலர் உள்ள ஒரு டிவிடி. அதில் 20 சதவீதம் என்றால் 3 டாலர். எழுத்தாளர் பங்கு அந்த 3 டாலரில் 1.5 சதவீதம், அதாவது நாலரை சென்ட். விற்பனை ஒரு கட்டத்தைத் தாண்டினால் அது 1.8 சதவீதமாகும், அவ்வளவே. டைட்டில் கார்டில் இரண்டு எழுத்தாளர் பெயர் இருந்தால் அந்த நாலரை சென்ட்டையும் பிரித்துக்கொள்ள வேண்டும். கேசட்டைவிட டிவிடி தயாரிப்பது எவ்வளவோ மலிவு. செலவு குறைந்தது, சூத்திரம் மட்டும் அசையவில்லை. 1988-இல் ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்தும் அதை அசைக்க முடியவில்லை.

எழுத்தாளர்களுக்கு இதில் கிடைத்த பாடம் கசப்பானது. புதிய வருவாய் வழி சிறியதாக இருக்கும்போதே நல்ல சூத்திரத்தை எழுதி வாங்க வேண்டும். அது பெரிதான பிறகு யாரும் தர மாட்டார்கள்.

2007: எதை விடுவது, எதைப் பிடிப்பது

2005-இல் பாட்ரிக் வெரோன் தலைமையிலான அணி சங்கத்தைக் கைப்பற்றியது. அமைப்பு வேலையில் தேர்ந்த டேவிட் யங் அவர்களோடு நின்றார். 2007 நவம்பர் 5 முதல் 2008 பிப்ரவரி 12 வரை, 100 நாள், வேலைநிறுத்தம் நடந்தது.

அப்போது உறுப்பினர்களின் மனதில் எரிந்துகொண்டிருந்தது டிவிடி பங்கு. இருபது ஆண்டுக் காயம் அது. ஆனால் கடைசியில் தலைமை டிவிடி கோரிக்கையைக் கைவிட்டது. அதற்குப் பதிலாக, இணையத்துக்கென்றே எழுதப்படும் படைப்புகளும் சங்க ஒப்பந்தத்துக்குள் வரும் என்ற உரிமையைப் பிடித்துக்கொண்டது. ரியாலிட்டி ஷோக்களையும் அனிமேஷனையும் சங்கத்துக்குள் கொண்டுவரும் கோரிக்கையும் போனது. அதில் பலருக்கு இன்றும் வருத்தம் உண்டு, அந்த வருத்தத்தில் நியாயமும் உண்டு.

ஆனாலும் இந்தச் சங்கத்தின் வரலாற்றிலேயே மிகத் தெளிவான முடிவு அதுதான் என்பேன். நெட்ஃப்ளிக்ஸ் இணையம் வழியாகப் படம் காட்டத் தொடங்கியது அதே 2007-இல்தான். அதன் சொந்தத் தொடர்கள் வர இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. டிவிடி சந்தையோ விரைவில் சரிந்தது. அன்று டிவிடிக்காகப் பிடிவாதம் பிடித்து இணையத்தை விட்டிருந்தால், ஓடிடி வேலைகள் சங்கத்துக்கு வெளியே வளர்ந்திருக்கும்.

பிறகு 2009-இல் ஜான் வெல்ஸ் தலைவரானார். 2011-இல் கடுமையானவர் என்று பெயரெடுத்த வெரோன் மறுபடி நின்றபோது, மிதமானவராகக் கருதப்பட்ட கிறிஸ் கீசர் அவரைத் தோற்கடித்தார். அதே கீசர்தான் 2023-இல் 148 நாள் வேலைநிறுத்தத்தின்போது பேச்சுவார்த்தைக் குழுவின் இணைத் தலைவர். ஆட்களுக்குக் கடுமை, மிதம் என்று முத்திரை குத்துவது எவ்வளவு பயனற்றது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஏஜென்ட்களோடு நடந்த போர்

2019-இல் சங்கம் மோதியது ஸ்டூடியோக்களோடு இல்லை, எழுத்தாளர்களின் சொந்த ஏஜென்ட்களோடு. வழக்கமாக ஏஜென்ட் தன் எழுத்தாளரின் சம்பளத்தில் 10 சதவீதம் எடுப்பார். பேக்கேஜிங் முறையில் ஏஜென்சி தன்னிடம் உள்ள எழுத்தாளர், நடிகர், இயக்குநர் எல்லோரையும் ஒரே கட்டாகக் கட்டி ஸ்டூடியோவிடம் கொடுத்துவிட்டு, தொடரின் பட்ஜெட்டிலிருந்தும் லாபத்திலிருந்தும் நேரடியாகக் கட்டணம் வாங்கும். எழுத்தாளருக்குச் சம்பளம் கூட்டிக் கேட்டால் ஏஜென்சிக்கு ஒரு பைசா லாபமில்லை. யாருக்காகப் பேச வேண்டியவரோ, அவருடைய பணம் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது.

2019 ஏப்ரலில் தலைமை சொன்னபடி 7,000-க்கும் மேற்பட்ட எழுத்தாளர்கள் தங்கள் ஏஜென்ட்களை விலக்கினார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் பில்லிஸ் நேகி தலைவர் டேவிட் குட்மனை எதிர்த்து நின்றார். ஏஜென்சிகளோடு மறுபடி பேசி முடிக்க வேண்டும் என்பது அவர் நிலை. குட்மன் 77 சதவீத வாக்குகளோடு வென்றார். 2021 பிப்ரவரிக்குள் நான்கு பெரிய ஏஜென்சிகளும் கையெழுத்திட்டன. 2022 ஜூன் 30-க்குள் பேக்கேஜிங் கட்டணத்தை நிறுத்த வேண்டும் என்பது நிபந்தனை.

வெற்றிதான். ஆனால் அந்தக் காலத்தை ஏஜென்ட் இல்லாமல் கழித்தவர்களில், தெரிந்த முகங்கள் இல்லாத புதிய எழுத்தாளர்களுக்கு விழுந்த அடி பெரிது. வெற்றியின் கணக்கை எழுதும்போது அதையும் எழுத வேண்டும்.

மினி ரூம்: தொழிலின் உருவம் மாறிய இடம்

பழைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு சீசனுக்கு ஏறக்குறைய 22 பகுதிகள். எழுத்தாளர்கள் 'ரைட்டர்ஸ் ரூம்' என்ற அறையில் கூடிப் பேசி எழுதுவார்கள். ஆண்டில் பெரும்பகுதிக்கு வேலை இருக்கும். தான் எழுதிய பகுதி படமாகும்போது ஸ்டாஃப் ரைட்டரும் படப்பிடிப்புத் தளத்துக்குப் போவார். மழை வந்து காட்சி மாறும்போது வசனத்தை எப்படி வெட்டுவது, ஒரு இடம் கிடைக்காவிட்டால் இரண்டு காட்சிகளை எப்படி ஒன்றாக்குவது என்று அங்கேதான் கற்றுக்கொள்வார். பத்து ஆண்டில் அவரும் ஷோரன்னர் ஆவார்.

ஓடிடியில் சீசனுக்கு 8 அல்லது 10 பகுதிகள். தொடருக்கு அனுமதி கிடைக்கும் முன்பே நாலைந்து பேரைச் சில வாரங்களுக்கு அழைத்து முழுக் கதையையும் உடைத்து எழுத வைப்பார்கள். இதுதான் மினி ரூம். வேலை முடிந்ததும் அறை கலைந்துவிடும். படப்பிடிப்புக்கு ஷோரன்னர் தனியாகப் போவார். மற்றவர்கள் அடுத்த வேலை தேடுவார்கள்.

சங்கத்தின் கணக்குப்படி, 2013-14 சீசனில் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வேலை செய்த தொலைக்காட்சி எழுத்தாளர்கள் 33 சதவீதம். 2021-22-இல் 49 சதவீதம். தொடர்களின் எண்ணிக்கை உயர்ந்துகொண்டே போன காலம் அது. 2022-இல் மட்டும் அமெரிக்காவில் 599 கதைத் தொடர்கள் வந்தன. வேலை பெருகப் பெருக ஒவ்வொருவரின் வருமானமும் நிலையும் சுருங்கியது. ரெசிடுவலும் அப்படியே. பழைய முறையில் தொடர் எத்தனை முறை மறுஒளிபரப்பாகிறதோ அத்தனை காசோலை. ஓடிடியில் உலகமே பார்த்தாலும் யாரும் பார்க்காவிட்டாலும் ஒரே நிலையான தொகை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற தகவலையும் நிறுவனங்கள் வெளியே விடவில்லை.

2023-இல் என்ன கிடைத்தது?

மே 2 தொடங்கி செப்டம்பர் 27 வரை, 148 நாள். ஜூலையில் நடிகர் சங்கமும் சேர்ந்துகொண்டது. சங்கத்தின் மதிப்பீட்டில், கேட்டது ஆண்டுக்கு 42.9 கோடி டாலர், நிறுவனங்கள் முதலில் தருவதாகச் சொன்னது 8.6 கோடி, கடைசியில் கிடைத்தது 23.3 கோடி. முக்கியமானவை இவை:

1. குறைந்தபட்சச் சம்பளம் மூன்று ஆண்டுகளில் 5, 4, 3.5 சதவீதம் உயர்வு.

2. அறையில் குறைந்தபட்ச ஆட்கள். 6 பகுதிகள் வரை 3 பேர், 7 முதல் 12 வரை 5 பேர், அதற்கு மேல் 6 பேர். எல்லாவற்றையும் ஒருவரே எழுதும் தொடருக்கு விலக்கு உண்டு.

3. ஓடிடி போனஸ். முதல் 90 நாளில் அந்தத் தளத்தின் அமெரிக்கச் சந்தாதாரர்களில் 20 சதவீதத்துக்கு இணையான பார்வை கிடைத்தால், ரெசிடுவலில் பாதி கூடுதலாக வரும். ஒரு மணி நேரப் பகுதிக்கு அது 16,415 டாலர். 20 சதவீதம் என்பது எல்லாத் தொடரும் எட்டும் உயரம் இல்லை. ஆனால் பார்வைக்கும் காசோலைக்கும் தொடர்பு உண்டு என்பதை நிறுவனங்கள் முதல்முறையாக எழுத்தில் ஒப்புக்கொண்டன. பார்வை நேரத் தகவலைச் சங்கத்திடம் ரகசியமாகத் தரவும் சம்மதித்தன.

4. ஸ்டாஃப் ரைட்டர் ஒரு பகுதியை எழுதினால், வாரச் சம்பளம் போக அந்த எழுத்துக்கும் தனி ஊதியம். இத்தனை ஆண்டுகளாக அது இல்லை என்பதே நம்ப முடியாத விஷயம்.

உறுப்பினர்கள் 99 சதவீத வாக்குகளோடு இதை ஏற்றார்கள்.

அப்புறம் வந்ததுதான் சோதனை. 2023-24 சீசனில் தொலைக்காட்சி எழுத்து வேலைகள் 42 சதவீதம் குறைந்து 1,819 ஆனதாகச் சங்கமே அறிவித்தது. வேலைநிறுத்தம்தான் காரணம் என்று தலைமையைக் குறை சொல்பவர்கள் உண்டு. ஐந்து மாதம் எழுத்து நின்றதன் பாதிப்பு அந்த எண்ணில் இருப்பதை மறுக்க முடியாது. ஆனால் சரிவு 2022-லேயே தொடங்கிவிட்டது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் நெட்ஃப்ளிக்ஸ் சந்தாதாரர்களை இழந்தது, ஒரே நாளில் அதன் பங்கு விலை மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. வட்டி விகிதமும் ஏறியது. எவ்வளவு சந்தாதாரர் என்று மட்டும் பார்த்த முதலீட்டாளர்கள் லாபம் எங்கே என்று கேட்க ஆரம்பித்தார்கள். இன்னொரு பக்கம் வாங்கும் கைகளும் குறைந்துகொண்டே வந்தன. 2019-இல் ஃபாக்ஸ் டிஸ்னியோடு சேர்ந்தது, 2022-இல் வார்னர் டிஸ்கவரியோடும் எம்ஜிஎம் அமேசானோடும் இணைந்தன, 2025-இல் பாரமவுண்ட் ஸ்கைடான்ஸிடம் போனது. ஒரே கதையை எட்டு இடத்தில் சொல்ல முடிந்த காலம் போய், நாலைந்து கதவுகள்தான் மிச்சம். எந்தக் கடுமையான தலைமையும் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி இதைத் தடுக்க முடியாது. கிடைக்கும் வேலைக்கு உரிய ஊதியத்தை ஒப்பந்தம் காக்கும், வேலையை உருவாக்காது.

தலைமையோடு முற்றிலும் முரண்படுபவருக்கு ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் ஃபை-கோர். முழு உறுப்பினர் நிலையை விட்டுவிட்டு, பேரம் பேசுவதற்கான செலவில் தன் பங்கை மட்டும் கட்டிக்கொண்டு வேலை செய்யலாம், வேலைநிறுத்தத்தின்போதும் எழுதலாம். ஆனால் சங்கத்தில் வாக்கும் இல்லை, தேர்தலில் நிற்கவும் முடியாது. 2008-இல் அப்படிப் போன 28 பேரின் பெயர்களைச் சங்கம் வெளியிட்டது. பெயரை வெளியிட்டது சரியா என்ற விவாதம் நியாயமானதே. என் கருத்தில், உள்ளே இருந்து எதிர்த்து வாக்களிப்பவருக்கும் வெளியே போய் வேலை செய்பவருக்கும் உள்ள வேறுபாடு பெரிது. நேகியைப் போல் எதிரணியில் நிற்பது வேறு, மற்றவர்கள் நடத்தும் போராட்டத்தின் பலனை மட்டும் எடுத்துக்கொள்வது வேறு.

செயற்கை நுண்ணறிவு

சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பரில். சில மாதங்களிலேயே சங்கம் அதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்தது. தொழில்நுட்ப வளர்ச்சியைப் பற்றிப் பேச ஆண்டுக்கு ஒருமுறை கூட்டம் போடலாம் என்பதே நிறுவனங்களின் முதல் பதில். 1985-இன் காயம் தெரிந்தவர்களுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்திருக்காது.

கடைசியில் ஒப்பந்தத்தில் இடம்பெற்றவை:

1. செயற்கை நுண்ணறிவு ஒரு நபர் இல்லை, எனவே அது 'எழுத்தாளர்' ஆக முடியாது. அது உருவாக்கியதை மூலக்கதையாகக் காட்டி, மனித எழுத்தாளரின் டைட்டில் கார்டையோ ஊதியத்தையோ குறைக்கக் கூடாது.

2. நிறுவனம் சம்மதித்தால் எழுத்தாளர் அதைப் பயன்படுத்தலாம். பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று நிறுவனம் கட்டாயப்படுத்த முடியாது.

3. எழுத்தாளரிடம் கொடுக்கும் பொருளில் அது உருவாக்கியது ஏதாவது இருந்தால் நிறுவனம் சொல்லிவிட வேண்டும்.

4. எழுத்தாளர்களின் படைப்பை வைத்து அதைப் பயிற்றுவிப்பது தவறு என்று பின்னர் வாதாடும் உரிமையைச் சங்கம் தன்னிடமே வைத்துக்கொள்கிறது.

முதல் மூன்றும் வேலியடைத்த நிலம். நான்காவது திறந்த வெளி. பயிற்சிக்கு அந்த ஒப்பந்தத்தில் தடையும் இல்லை, விலையும் இல்லை. இங்கேதான் முதலில் பார்த்த பதிப்புரிமைக் கணக்கு திரும்பி வருகிறது. 2025 ஜூனில் டிஸ்னியும் யுனிவர்சலும் செயற்கை நுண்ணறிவால் படம் உருவாக்கித் தரும் மிட்ஜர்னி நிறுவனத்தின் மேல் பதிப்புரிமை வழக்குப் போட்டன. வழக்குப் போட அவற்றால் முடிகிறது, ஏனென்றால் அந்தப் பாத்திரங்கள் சட்டப்படி அவற்றின் சொத்து. அந்தப் பாத்திரங்களை எழுதியவர்களுக்கு அந்த வழக்கில் இடமில்லை. நாளை ஸ்டூடியோக்கள் தங்கள் களஞ்சியத்தைப் பயிற்சிக்கு விற்று உரிமத் தொகை வாங்கினாலும் பணம் போய்ச் சேர்வது ஸ்டூடியோவிடம்தான்.

2025 செப்டம்பரில் மேற்குக் கிளையின் தலைவராக மிஷெல் மல்ரோனி தேர்வானார். 2023 ஒப்பந்தத்தின் காலம் 2026 மே 1 வரை. அந்த ஒப்பந்தத்தில் உரிமத் தொகையில் எழுத்தாளருக்கு இத்தனை சதவீதம் என்று சொல்லும் வரி ஒன்றுகூடக் கிடையாது.